இரண்டாவது பொட்டலம்

இரண்டு பொட்டலங்களையும் முந்தானைக்குள் போட்டு மூன்று முறை குலுக்கிவிட்டுத்தான் வேலம்மாள் வெளியே நீட்டுவாள். நீட்டும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். வாங்குகிறவர்கள் அவள் முகத்தை வைத்து எதையும் கண்டுபிடித்துவிடக் கூடாதாம். "எதுல எந்தப் பூ இருக்குன்னு எனக்கே தெரியாதுங்க. என் மூஞ்சிய ஏன் பாக்குறீங்க? உள்ள போயி அம்மா மூஞ்சியப் பாருங்க" என்பாள்.

மலைக்கோட்டைக்குக் கீழே, ஜவுளிக்கடைகளின் பின்வாசல்கள் திறக்கிற ஒரு சந்தில், ஆள் குனிந்து நுழைகிற உயரத்தில் ஒரு மாரியம்மன் கோயில். அதன் வாசலில்தான் அவள் பூக்கடை. கடை என்றால் ஒரு பலகை, ஓர் ஈரச் சாக்கு, ஒரு பிளாஸ்டிக் வாளி. கோயில்தான் சின்னது, வருகிறவர்களின் கவலை அப்படியில்லை. மகனை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா, இந்த வரனை முடிக்கலாமா, அண்ணன் தம்பிக்குள் பேச்சை ஆரம்பிக்கலாமா என்று பல நாள் புரண்டு படுத்தும் முடிவுக்கு வர முடியாதவர்கள் இங்கே வந்து பூக் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. இரண்டையும் அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, அங்கே நிற்கிற ஏதாவது ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம். அவ்வளவுதான் சங்கதி.

அவள் வீடு ஸ்ரீரங்கத்தில். விடிகாலையில் அங்கேயே மார்க்கெட்டில் பூ எடுத்து, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் மடியில் கூடையோடு வந்து இறங்கிவிடுவாள். மாலை கட்ட மல்லிகை, சம்பங்கி எல்லாம் உண்டு. பூக் கேட்பதற்கு மட்டும் அரளிதான். "மல்லி வச்சா வாசம் காட்டிக் குடுத்துடும். அரளின்னா வெள்ளையும் செவப்பும் ஒரே சைசு, ஒரே கனம்." வாழையிலையை ஒரே அளவாகக் கிழித்து, ஒரே மாதிரி மடித்து, நாரால் ஒரே முடிச்சுப் போடுவாள். அருகருகே வைத்தால் இரட்டைப் பிள்ளைகள்தான்.

அவள் வைத்திருக்கிற சட்டங்கள் கொஞ்சம் கெடுபிடியானவை. ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் கேட்க வேண்டும். வந்த பொட்டலத்தைப் பிரிக்கலாம், மற்றதைப் பிரிக்கவே கூடாது. அதை அப்படியே கோயிலை ஒட்டிய வேப்பமரத்தடியில் போட்டுவிட வேண்டும். "பதிலு வாங்கியாச்சுல்ல? அப்புறம் எதுக்கு அதத் தொறந்து பாக்குறது? திருத்திப் பாக்க நீங்க என்ன வாத்தியாரா?" என்று அதட்டுவாள். எந்தக் கலர் வண்டி வாங்கலாம் என்று கேட்க வந்த ஓர் ஆளை, பூவே கொடுக்காமல் திருப்பி அனுப்பினாள். பரீட்சையில் தேறுவேனா என்று கேட்க வந்த கல்லூரிப் பெண்ணிடம், "படிக்கட்டுமான்னு கேளு. எத எடுத்தாலும் வெள்ளதான் வரும்" என்றாள்.

எனக்கே தெரியாது என்று அவள் சொல்வது பொய். இருபத்தாறு வருடம் பூத் தொட்ட கை. சிவப்பு அரளியின் இதழ் நூல் அளவு தடிப்பு. இலைக்கு மேலே கட்டைவிரலை ஒரு முறை ஓட்டினால் போதும், உள்ளே இருப்பது எது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். முந்தானைக்குள் போட்டு எத்தனை முறை குலுக்கினாலும் அந்த விரலை ஏமாற்ற முடியாது. ஊருக்கெல்லாம் பூக் கட்டிக் கொடுப்பவள் தனக்கென்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்றால் அதற்கு இதுதான் காரணம்; எது எதுவென்று தெரிந்த கை, குழந்தையின் பக்கம் ஒன்றைத் தள்ளிவிடும்.

பக்கத்தில் வளையல் கடை வைத்திருக்கும் பாசிலுக்கு மட்டும் இந்த ரகசியம் தெரியும். அவனுக்கு இன்னொன்றும் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால், ஜவுளிக்கடையில் நின்று வேலை பார்க்கும் ஒரு பெண் வந்தாள். புருஷனை விட்டுக் குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா என்று பூக் கேட்க வேண்டும். காசு கொடுக்க நீட்டிய கையில், வளையலுக்கு மேலே, விரல் பதிந்த தடம் கருநீலமாக இருந்தது. வேலம்மாள் அதைப் பார்த்தாள். பிறகு குனிந்து, இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்துக் கட்டினாள். பாசில் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பெண் அதற்குப் பிறகு சந்துப் பக்கம் வரவே இல்லை. நன்றாக இருக்கிறாளா இல்லையா, தெரியாது. "மத்ததெல்லாம் அம்மா சொன்ன பதிலு. அது ஒண்ணு மட்டும் நான் சொன்னது தம்பி. அதான் இன்னும் நெஞ்ச அறுக்குது" என்று பாசிலிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

இப்போது அவள் வீட்டிலேயே கேட்க வேண்டிய காரியம் வந்துவிட்டது. புருஷன் பெயர் மருதை. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். நான்கு மாதமாக முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார். இடது கால் மரத்துப் போகிறது. தண்டுவடத்தில் ஆபரேஷன் செய்துவிடலாம், தள்ளிப்போட்டால் கால் விழுந்துவிடக்கூடும், திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதுகில் கத்தி வைத்தால் ஆள் எழுந்திருக்கவே மாட்டான் என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கதை கொண்டுவந்தார்கள். மருதையோ, "நீ என்ன சொல்றியோ அதான்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மொத்தப் பாரமும் அவள் தலையில் இறங்கியது. நல்லபடியாக ஆகாவிட்டால், சரியென்று சொன்னவள் அவள்தான்.

சோறு இறங்கவில்லை. பூத் தொடுக்கும்போது கண்ணி தவறியது. வெள்ளிக்கிழமை நடை திறந்ததும் உள்ளே போய் அம்மன் முன்னால் நின்று சத்தமாகவே கேட்டுவிட்டாள்: "ஊரு உலகத்துக்கெல்லாம் பதிலு சொல்ற. எனக்குன்னா மட்டும் வாயத் தொறக்க மாட்டியா?" விபூதித் தட்டோடு நின்ற பூசாரி நகர்ந்துகொண்டார்.

"பண்ணிடுங்கக்கா. எங்க அத்தாவுக்கு இதே ஆபரேஷன்தான், எட்டு வருசம் ஆச்சு. பள்ளிவாசலுக்கு நடந்துதான் போறாங்க" என்று பாசில் பத்தாவது தடவையாகச் சொன்னான். "ஊருக்குத்தான் உபதேசமா? நம்பிக்கை வைங்கன்னு எல்லாருக்கும் சொல்றீங்கல்ல?"

அவள் இரண்டு பூவையும் இலையையும் நாரையும் அவன் பக்கம் தள்ளிவிட்டாள். "நீ கட்டிக் குடு."

"எனக்குக் கட்டத் தெரியாதேக்கா."

"தெரியாததுதான் வேணும். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். வேற பூ வேணும்னாலும் கூடையில எடுத்துக்க."

பிஸ்மில்லாஹ் என்று அவன் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. மனதுக்கு அது இதமாகவே இருந்தது. நிறைய நேரம் எடுத்துக்கொண்டான். கூடைக்குள் கை போய் வருகிற சரசரப்பும் கேட்டது. கட்டி முடித்த பொட்டலங்களைக் கையால் வாங்காமல் பித்தளைத் தட்டை நீட்டி ஏந்திக்கொண்டாள். இரண்டும் அவசரத்தில் கட்டிய கட்டுச்சோறு மாதிரி இருந்தன.

உள்ளே யாரோ ஒருவருடைய மூன்று வயதுப் பெண் குழந்தை தட்டை எட்டிப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுத்தது. வேலம்மாள் அதைப் பிரிக்காமலேயே வெளியே வந்து, தன் பலகையில் உட்கார்ந்து, நாரைப் பல்லால் இழுத்து அவிழ்த்தாள்.

வெள்ளை.

பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழுகை வந்தது, அழுதாள். "பாசிலு, போனப் போடு தம்பி. திங்கக்கெழம பண்ணிடலாம்னு அவருகிட்ட சொல்லிடறேன்" என்றாள். பாசில் போனை எடுத்து நம்பரைப் போட்டுக் கொடுத்தான். கொடுக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

அதைப் பார்த்ததும் அவளுக்கு அந்த ஜவுளிக்கடைப் பெண்ணின் ஞாபகம் வந்தது.

மருதையிடம் பேசி முடித்தாள். மற்றப் பொட்டலம் தட்டிலேயே கிடந்தது. முடிச்சு பாதி தளர்ந்திருந்தது. அவள் வலது கை தன் போக்கில் அதை நோக்கிப் போயிற்று. பிரிக்கக்கூட வேண்டாம், மேலே ஒரு முறை ஓட்டினால் போதும்.

இலைக்கு மேலே ஒரு விரற்கடை தூரத்தில் கை நின்றது. வேலம்மாள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி இறுக்கிக்கொண்டாள். இடது கையால் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துபோய், வேப்பமரத்தடியில் அதைச் சாய்த்தாள்.