காரைப் பூவுக்குப் பின்னால் ஒரு கை

குக்கர் வெடித்த நாளிலிருந்து என் மனைவி தன் இடக்கையைப் புடவைத் தலைப்புக்குள்ளேயே மறைத்து வைத்திருப்பாள். தீத்தழும்பை யாரும் பார்த்துவிடக் கூடாது.

ஒருநாள் காலை இருவரும் நடைப்பயிற்சிக்குப் போனபோது, கூடுவாஞ்சேரியில் எங்கள் தெருமுனைக் காலி மனையில், ஒரு முள்செடி பொடிப்பொடியாக மஞ்சள் பூ பூத்திருந்தது. படமெடுத்து, செடி ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுவில் பெயர் கேட்டேன்.

"பூவே தெரியல சார். பின்னாடி கையை வெச்சு எடுங்க, ஃபோகஸ் ஆகும்" என்றார் ஒருவர்.

மனைவி வலக்கையால் கிளையை வளைத்துப் பிடித்தாள். எனக்கோ இரண்டு கையாலும் பிடித்தால்தான் போன் ஆடாது. இன்னொரு கை வேண்டும். நான் கேட்கவில்லை. தலைப்புக்குள்ளிருந்து அந்தக் கை மெல்ல வெளியே வந்து, பூவுக்குப் பின்னால் விரிந்தது.

படத்தில் தழும்பும் தெளிவாக விழுந்திருந்தது.

"வேற எடுக்கட்டுமா?"

"பூ நல்லா வந்திருக்குல்ல? அதையே போடுங்க."

வீடு திரும்புவதற்குள் பதில் வந்தது. "ஜோடி ஜோடியா முள்ளு, நாலு இதழ். காரைச் செடி சார், இட்லிப்பூ குடும்பம்." கையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

'யாரும் பார்க்க மாட்டாங்க' என்றே இத்தனை நாளும் அவளைத் தேற்றிவந்தேன். பார்த்தால்தான் என்ன என்று ஒருநாளும் சொன்னதில்லை.

மறுநாள் எனக்கு முன்னால் நடந்தவள், வேலியோரம் சட்டென்று குனிந்தாள்.

"இது என்ன பூங்க? சீக்கிரம் போனை எடுங்க, நான் கை வெச்சிருக்கேன்."