பருவக்காற்று அட்டை

பழைய டிரங்குப் பெட்டியின் அடித்தாளை மாற்றும்போது அந்த அட்டை கிடைத்தது. ஒரு பக்கம் கல்யாணப் பத்திரிகை. நாலு மூலையிலும் தடவிய மஞ்சள் இப்போது டீக்கறை நிறத்துக்கு வந்துவிட்டது. அக்காவின் பெயரும் மாமாவின் பெயரும் இன்னும் படிக்க முடிகிறது. மறுபக்கத்தில் என் கையெழுத்தில் பெரிய எழுத்துகளில் ‘பருவக்காற்று’ என்று இருக்கிறது. அதன் கீழே சின்ன எழுத்தில், ‘ஆண்டில் ஒரு பாதி ஒரு திசையிலும், மறு பாதி அதற்கு எதிர்த் திசையிலும் வீசும் காற்று.’ கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

1950களில் நான் வேலூரில் ஆசிரியைப் பயிற்சியில் இருந்தேன். பாடம் நடத்த, சொல்லும் விளக்கமும் எழுதிப் பிள்ளைகளுக்குக் காட்டும் அட்டைகள் செய்ய வேண்டும். கெட்டி அட்டை வாங்க யாரிடம் வசதி இருந்தது? வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம்தான் எங்களுக்கு அட்டை. என் தேர்வுப் பாடம் ‘ஆப்பிரிக்கா: முக்கியச் சொற்கள்’ என்று வந்தபோது, விடுமுறைக்கு ஆம்பூர் போய் அக்காவிடம் பத்திரிகை கேட்டேன். அவள் கல்யாணத்தில் தாராளமாக அச்சடித்து ஒரு கட்டு மிஞ்சியிருந்தது. கேட்டதும் முழுக் கட்டையும் கொடுத்துவிட்டாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “எனக்கும் சொல்லிக் குடுடி. அவரு இருக்குற எடமாச்சே.”

மாமா, தோல் பதனிடும் டேனரியில், மரப்பட்டைச் சாற்றில் தோலை ஊறவைக்கும் தொட்டிகளுக்கு மேஸ்திரி. பட்டை ஊறிய தண்ணீரை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தே தோலை எப்போது எடுக்கலாம் என்று சொல்லுவார். அந்தப் பட்டையில் பாதி ஆப்பிரிக்காவிலிருந்து மூட்டை மூட்டையாகக் கப்பலில் வந்தது. முதலாளியின் உறவுக்காரர் ஒருவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் கரையோரமாக ஒரு டேனரி தொடங்கி, தொழில் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். மாமா போனார். பம்பாய் வரைக்கும் போய், காகிதம் ஏதோ சரியில்லை என்று ஒருமுறை திரும்பி வந்தும் விட்டார். “போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோட” என்று தெருவே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். காகிதம் சரியானதும் மறுபடி புறப்பட்டார். “அடுத்த ஆடிக்குள்ள வர்றேன். வந்து உன்னையும் கூட்டினு போறேன்” என்று அவர் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். ஒருமுறை திரும்பி வந்தவர் என்பதால் அவள் சுலபமாக நம்பிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அட்டைகளை என்னைவிட வேகமாக மனப்பாடம் செய்தாள். அடுப்படியில் உட்கார்ந்து நான் அட்டையை நீட்டுவேன். புளியைக் கரைத்துக்கொண்டே விளக்கம் சொல்லுவாள். பீடபூமி, கழிமுகம், பிளவுப் பள்ளத்தாக்கு, பாலைவனச் சோலை, குடியேற்ற நாடு, நாடோடி. எல்லாவற்றையும் அவளாக இரண்டாகப் பிரித்து வைத்தாள், மாமாவுக்கு ஆனவை ஒருபக்கம், ஆகாதவை ஒருபக்கம். “பாலைவனம் அவருக்கு ரொம்ப தூரம் இல்ல? அப்ப அது வேணாம், அந்தாண்ட வை.” அடிமை வாணிகம் என்ற அட்டையை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். “மனுசங்கள வித்தாங்களா? இவரு கிட்ட யாராவது சொல்லி இருப்பாங்களா இதெல்லாம்?” என்றாள். அதை எந்தப் பக்கமும் சேர்க்காமல் அரிசிப் பானை மூடிமேல் வைத்தாள்.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது பருவக்காற்றுதான். அந்தக் காலத்தில் பாய்மரக் கப்பல்காரர்கள் இந்தக் காற்றில் அந்தக் கரைக்குப் போவார்கள், காற்று திரும்பும்போது அதே காற்றில் நம் கரைக்கு வருவார்கள் என்று வாய்வார்த்தையாகச் சொல்லி வைத்தேன். நம் ஊர் ஆடிக்காற்று அங்கிருந்து வருவதுதான் என்றும் சொன்னேன். ஆடி பிறந்தது. டேனரி நாற்றமும் புழுதியும் வருகிறதென்று தெருவில் எல்லோரும் மேற்குப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அது திறந்தே கிடந்தது. சோற்றிலும் மண். “சாத்தேன், பேஜாரா இருக்குது” என்று அம்மா கத்துவாள். அக்கா காதில் வாங்கியதே இல்லை.

அந்த ஆடியிலேயே டேனரி குமாஸ்தா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. “மேஸ்திரிக்குக் காய்ச்சல்னு தந்தி வந்துது. மறு தந்தியில முடிஞ்சுபோச்சுன்னு வந்துட்டுதும்மா. அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்க.” அம்மா தெருவுக்கு ஓடி மண்ணில் விழுந்தாள். அக்கா அடுப்பில் இருந்த பாலை இறக்கி வைத்தாள். குமாஸ்தாவுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்று சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். எனக்கும் அழுகை வரவில்லை. உடல் வரவில்லை, துணி வரவில்லை. எதைப் பார்த்து அழுவது?

பதினாறாம் நாள் கருமாதி பாலாற்று மணலில் நடந்தது. மாமாவின் தம்பிதான் செய்தார். சடங்கு செய்து வைக்க வந்த பெரியவர், மாமாவுக்குப் பதிலாக ஒரு கல்லைக் கழுவி எடுத்துக்கொண்டு, உயிர் போன இடம் எது என்று கேட்டார். ஆப்பிரிக்கா என்றார் தம்பி. அதில் எங்கே என்றார் பெரியவர். யாருக்கும் தெரியவில்லை. அதுவரை வாயே திறக்காத அக்கா, பாடம் ஒப்பிக்கும் குரலில் சொன்னாள். “கிழக்குக் கரை. கடலோரச் சமவெளி. பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல. பருவக்காத்து அடிக்கிற எடம்.” பெரியவர் கல்லைத் தெற்குப் பார்த்து வைத்தார்.

“மேக்கால திருப்பி வையுங்க” என்றாள் அக்கா.

“இன்னா அண்ணி நீ? செத்தவங்களுக்குத் தெக்குதான்” என்றார் தம்பி.

“அவரு இருக்குறது மேக்கால. தெக்கால நமக்கு யாரு இருக்காங்க?”

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெரியவர் கல்லைக் கொஞ்சம் நகர்த்தி, தெற்கும் இல்லாமல் மேற்கும் இல்லாமல் நடுவாக வைத்தார். இரண்டு பேர் மனசும் நோகாமல் இருக்கட்டும் என்று செய்ததுதான். தேர்வுக்காக நான் திரும்பத் திரும்ப வரைந்த படத்தின்படி அந்தத் தென்மேற்குதான் மாமா இருந்த கரைக்குச் சரியான திசை. அக்கா அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு தாலியைக் கழற்றக் கழுத்தை நீட்டினாள்.

தேர்வுப் பாடத்துக்கு நான் வேலூர் கிளம்பிய காலையில் அக்கா அட்டைக் கட்டை எடுத்து வந்தாள். பிரித்து வைத்திருந்ததை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து நூலால் கட்டியிருந்தாள். பருவக்காற்றை மேலாக வைத்திருந்தாள். நான் அதை உருவி ஓரமாக வைத்தேன். வேறு ஒன்று எழுதிக்கொள்கிறேன் என்றேன். தப்பாக எழுதிவிட்டேனே என்று வாய் தவறிச் சொல்லியும்விட்டேன்.

அவள் அட்டையை எடுத்து ஒருமுறை படித்தாள். திருப்பி மஞ்சள் பக்கத்தைப் பார்க்கவில்லை. “இன்னாத்துக்கு வேற எழுதுறே? இதுல தப்பு ஒன்னும் இல்லியே. காத்து திரும்பும்னுதான் போட்டிருக்குது. ஆளுன்னு போடல” என்று அட்டைக் கட்டுக்குள்ளேயே செருகிவிட்டாள்.

தேர்வில் தேறினேன். வேலை கிடைத்தது. அக்கா கடைசிவரை இதே ஆம்பூர் வீட்டில் என்னோடுதான் இருந்தாள். ஆப்பிரிக்கா என்ற பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. டேனரிக்குப் பட்டை மூட்டைகள் மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தன.

இப்போதும் ஆடிதான். அட்டையைப் பெட்டியில் பழையபடி வைத்துவிட்டு எழுந்தேன். கட்டில் முழுக்கப் புழுதி. மேற்கு ஜன்னலைச் சாத்தக் கை நீட்டினேன். அவள் போனபிறகும் அதை யாரும் சாத்தியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கொக்கி துருவேறி அசையவில்லை. திறந்த ஜன்னல் வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. காற்று மட்டும்.