அண்ணன் நடத்திய நேர்காணல்

எழுபதுகளின் கடைசியில், தென்பகுதி விமான நிலையங்களைப் பார்த்துக்கொள்வதற்கென்று ஒரு வாரியம் அமைத்தார்கள். அலுவலகம் மதுரையில் இருந்தது. ஓடுதளத்தைச் சுற்றியிருந்த நிலம், கட்டடங்கள், ஊழியர் குடியிருப்பு, வண்டிகள், ஜெனரேட்டர் என்று வாரியத்துக்குச் சொந்தமான அத்தனையையும் பேணி வைக்க ஒரு சொத்து அதிகாரி தேவை என்று செய்தித்தாளில் விளம்பரம் வந்தது. அந்தத் தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திருநகரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தவர் என் அண்ணன்.

அண்ணன் வருவாய்த் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். கை சுத்தமானவர் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரைப் பிறர் சொல்லக் கேட்பதில் அவருக்கு ஒரு ருசி உண்டு. ஆளெடுக்கும் குழுவில் உள்ளூர் உறுப்பினராக வாரியம் அவரைப் போட்டிருந்தது.

"மாப்ள, இத வாசிச்சுப் பாருங்க. ஒங்களுக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு" என்றார்.

என் கணவர் ஒரு நூற்பாலையில் எஸ்டேட் மேனேஜர். தொழிலாளர் குடியிருப்பு, பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கிகள், சுற்றியிருந்த நிலபுலம் எல்லாம் இருபது வருஷத்துக்கும் மேலாக அவர் பொறுப்பில் இருந்தன. உத்தியோகத்தில் ஒரு குறையும் இல்லை. அவரும் வேறு வேலை தேடவில்லை. விளம்பரத்தை ஒரு தடவை வாசித்துவிட்டு, "எனக்கு எதுக்கு மச்சான் இதெல்லாம்" என்று திருப்பிக் கொடுத்தார்.

அண்ணன் விடவில்லை. அடுத்த வாரமும் வந்தார். விண்ணப்பத்தை அவரே முன்னால் உட்கார்ந்து எழுத வைத்தார். நேர்காணலுக்கு அழைப்பு வந்த பிறகு மறுபடி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்று சொன்னார்.

"மில்லுல நோட்டீஸ் குடுத்து, மூணு மாசம் கழிச்சு வாரேன்னு சொன்னா கமிட்டியில ஒதுக்கிருவாங்க. ஒடனே சேரத் தயாரா இருக்கற ஆளத்தான் பாப்பாங்க. இப்பவே எழுதிக் குடுத்துருங்க மாப்ள."

"வேலை கெடைக்காட்டி?"

"உள்ள நான் இருக்கேன்ல?"

பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு நானும் இருந்தேன். அண்ணன் இப்படி ஒரு பேச்சுப் பேசி நான் கேட்டதே இல்லை. எங்கள் அப்பாவுக்கே தாலுகா ஆபீஸில் ஒரு காரியம் செய்து கொடுக்காத மனிதர். தங்கை என்று வரும்போது மனசு இளகிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். அன்று அவருக்கு வெல்லம் போட்டுப் பணியாரம் சுட்டுக் கொடுத்தேன். என் கணவர் மில்லில் ராஜினாமா எழுதிக் கொடுத்தார்.

நேர்காணல் ஒரு பழைய பங்களாவில் நடந்தது. "நீயும் வாம்மா, முடிச்சுட்டு அப்படியே நம்ம வீட்டுல சாப்பிடலாம்" என்று அண்ணன் சொல்லியிருந்ததால் பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு நானும் போனேன். வராந்தாவில் நீளமான பெஞ்சு போட்டிருந்தார்கள். எங்களோடு வேறு மூன்று பேர் இருந்தார்கள். ஒருவன் மட்டும் இளைஞன், நல்ல உயரம், டை கட்டியிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து இடம் கொடுத்தான். என் கணவருக்குச் சட்டைக் காலர் மடிந்திருந்ததைப் பார்த்து, "சார், காலர்" என்று மெதுவாகச் சொன்னதும் அவன்தான்.

அறைக்கு முழுக்கதவு கிடையாது, இரண்டு பக்கமும் ஆடுகிற அரைக்கதவுதான். மேசைக்கடியில் இருந்த கால்களும் தெரிந்தன, பேச்சும் கேட்டது. இங்கிலீஷில்தான் எல்லாம் நடந்தது. நான் மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் நடத்துகிறவள். ஒரு வார்த்தைகூட எனக்குத் தப்பவில்லை.

என் கணவரை முதலில் கூப்பிட்டார்கள். அவர் உட்கார்ந்ததும் அண்ணன்தான் தொடங்கினார்.

"ஒரு விஷயத்தைக் குழுவிடம் சொல்லிவிடுகிறேன். இவர் என் தங்கையின் கணவர்."

"அப்படியானால் இவர் விஷயத்தில் தாங்கள் ஒதுங்கிக்கொள்ளலாமே" என்றார் யாரோ.

"ஒதுங்கினால், வெளியில் நின்று சிபாரிசு செய்தேன் என்பார்கள். கேள்விகளை நானே கேட்கிறேன். எப்படிக் கேட்கிறேன் என்று நீங்களே பாருங்கள்."

ஒருவர் பாராட்டுகிற மாதிரி ஏதோ சொன்னார். நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. அண்ணன் என் கணவரை 'மிஸ்டர்' போட்டு அழைத்தார். முதலில் சாதாரணக் கேள்விகள். கட்டடங்களுக்கு எப்போது வெள்ளையடிப்பீர்கள், பழுதான இயந்திரத்தை எப்போது கழிப்பீர்கள் என்ற மாதிரி. என் கணவர் நிதானமாகவே பதில் சொன்னார். நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நன்றாகத்தான் போகிறது என்று நினைத்தேன்.

"உங்கள் பொறுப்பில் இருந்த ஒரு கிட்டங்கியின் சுவர் இடிந்து ஒரு பெண் இறந்தாளே, அதைப் பற்றிக் குழுவிடம் சொல்லுங்கள்" என்றார் அண்ணன்.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் நடந்தது அது. கழிவுப்பஞ்சு பிரிக்கிற பெண் ஒருத்தி, சுவரோரமாக உட்கார்ந்து சோற்றுச் சட்டியைத் திறந்தபோது சுவர் அவள்மேல் சரிந்தது. சுவர் விரிசல் விட்டிருப்பதை என் கணவர் முதலாளியிடம் பலமுறை வாயால் சொல்லியிருந்தார். மழை முடியட்டும் என்று முதலாளி தள்ளிப் போட்டார். எழுதிக் கொடுத்தால் முதலாளிக்குக் கோபம் வரும் என்று இவர் எழுத்தில் கொடுக்கவில்லை. விபத்து என்று எல்லாம் முடிந்துபோனது. இது முழுவதும் எனக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும். முதலாளியை விட்டால் வேறு யாருக்கும் தெரியாது. அவள் செத்த அன்று அண்ணன் வீட்டுக்குப் போய், அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு என் கணவர் குழந்தை மாதிரி அழுதார். "இத மனசோட வச்சுக்கங்க மாப்ள" என்று முதுகைத் தடவிக் கொடுத்தவர் அண்ணன்.

உள்ளே அண்ணன் விடாமல் கேட்டார்.

"விரிசல் இருப்பது உங்களுக்கு முன்பே தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"எழுத்தில் கொடுத்தீர்களா?"

"முதலாளியிடம் பலமுறை வாயால் சொன்னேன், அவர் காதில் வாங்கவில்லை. எழுத்தில் கொடுக்கவில்லை."

"ஏன்?"

அண்ணன் காத்திருக்கவில்லை.

"பயந்தீர்கள். அப்படித்தானே? என்னிடம் நீங்கள் சொன்ன வார்த்தை அதுதான்."

"ஆமாம்" என்றார் என் கணவர்.

"ஓடுதளத்தில் விரிசல் கண்டாலும் பயந்துகொண்டு சும்மா இருப்பீர்களா?"

யாரோ மெல்லச் சிரித்தார்கள். அரைக்கதவுக்குக் கீழே என் கணவரின் கால்கள் தெரிந்தன. அன்றைக்கென்று பாலிஷ் போட்ட ஷூ. ஒரு காலை மற்றதன் பின்னால் இழுத்து ஒளித்துக்கொண்டார். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இருந்த அந்த இளைஞன் வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் எல்லாம் கேட்டது.

"போதும் என்று நினைக்கிறேன். என் கருத்து, இவர் இந்த வேலைக்குத் தகுதியற்றவர். அதை என் கையாலேயே எழுதுகிறேன்" என்றார் அண்ணன்.

என் கணவர் வெளியே வந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, "குடிக்கத் தண்ணி இருக்கா" என்று பொதுவாகக் கேட்டார். வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன். "சாப்பிடக் கூப்புட்டவர்ட்ட சொல்லாமப் போகக் கூடாது" என்று உட்கார்ந்துவிட்டார். எல்லாரையும் கேட்டு முடியும்வரை, உச்சி வெயில் சாயும்வரை, அந்தப் பெஞ்சிலேயே இருந்தோம்.

அண்ணன் வீட்டில் அன்று கறிக்குழம்பு. மதினி இலை போட்டாள். அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டு, துண்டோடு வந்து என் கணவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"ஆபீஸ் வேற, வீடு வேற மாப்ள. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்றவர், மதினியைப் பார்த்து, "மாப்ளைக்கு நெஞ்செலும்பா பாத்து வையி. இம்புட்டுதானா? இன்னும் வையி" என்றார்.

என் கணவர் வைத்ததையெல்லாம் சாப்பிட்டார். எனக்கு ஒரு கவளம்கூட இறங்கவில்லை. அண்ணன் எலும்பை உறிஞ்சிவிட்டு இலையோரம் வரிசையாக அடுக்கினார். சின்ன வயதிலிருந்தே அவர் அப்படித்தான் அடுக்குவார்.

வேலை அந்த டை கட்டிய இளைஞனுக்குப் போனது. என் கணவர் மில்லுக்குப் போய், ராஜினாமாவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று கேட்டார். அதற்குள் குழுவில் இருந்த ஒருவர் வழியாகச் செய்தி முதலாளிக்குப் போயிருந்தது. உங்கள் மேனேஜர் விரிசலைப் பற்றிப் பலமுறை சொன்னாராம், நீங்கள்தான் காதில் வாங்கவில்லையாம் என்று. முதலாளி இவரை உள்ளேயே விடவில்லை. வாட்ச்மேன், இவரே வேலைக்குச் சேர்த்துவிட்ட ஆள், "சார், நீங்க போயிருங்க சார்" என்று கேட்டுக்கு வெளியே வந்து கும்பிட்டுச் சொன்னானாம்.

அந்த வயதில் வேறெங்கும் அவருக்கு மேனேஜர் வேலை கிடைக்கவில்லை. கடைசியில் மதுரைக்கு வெளியே பரவையில் ஒரு காய்கறி வியாபாரியின் கிட்டங்கியில், லாரியில் மூட்டை ஏற்றி இறக்குவதைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. திருநகரில் பஸ் ஏறி, காளவாசலில் இறங்கி, பரவை பஸ்ஸுக்கு நிற்பார். மில் நாட்களில் போட்ட முழுக்கைச் சட்டையையே அங்கும் போட்டுப் போனார். லோடுமேன்கள் அவரை 'தொரை' என்று கூப்பிட்டார்கள். மரியாதைக்குத்தான் என்று அவர் வீட்டில் சொன்னார்.

சில மாதம் கழித்து அண்ணனும் மதினியும் வெற்றிலை பாக்குத் தட்டோடு கல்யாணத்துக்கு அழைக்க வந்தார்கள். மூத்த மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை யார் என்று கேட்டேன்.

"வாரியத்துல சொத்து அதிகாரியா இருக்காரே, அந்தத் தம்பிதான்" என்றார் அண்ணன்.

"எப்பருந்துண்ணே பேச்சு?"

அண்ணன் வாயைத் திறக்குமுன் மதினி முந்திக்கொண்டாள். "அது ஆச்சு, ரெண்டு வருசமா. நல்ல வேலைன்னு ஒண்ணு அமையட்டுமேன்னுதான் நிப்பாட்டி வச்சிருந்தோம்." அண்ணன் திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் அவள் தட்டை நீட்டிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. மருமகனாக வரப்போகிறவனுக்கு வேலை கொடுத்தால் ஊர் வாய் சும்மா இருக்காது. அந்த வாயை அடைக்க, தங்கை புருஷனை ஊர் பார்க்க வெட்டவேண்டியிருந்தது. அதற்குத்தான் தேடி வந்து எழுதவைத்தார். ராஜினாமா எதற்கு என்றுமட்டும் முதலில் புரியவில்லை. உள்ளதையும் விட்டுவிட்டு வந்தவரையே ஒதுக்கினார் என்றால் பெயர் இன்னும் கூடும் என்பதற்காக இருக்கலாம். இல்லை, சும்மாவே செய்து பார்த்தாரோ என்னவோ.

கல்யாணத்துக்குப் போகவேண்டாம் என்றேன். "பிள்ளைக்கு நீ அத்தை. போகாம இருந்தா அவளுக்குத்தான் சங்கடம்" என்று என் கணவர் கூட்டிப்போனார். பந்தியில் எதிர்வரிசையில் இருந்த பெரிய மனிதர்களிடம் அண்ணன் அவரைக் கையைக் காட்டி அறிமுகம் செய்தார்.

"இவருதான்யா. சொந்தத் தங்கச்சி வீட்டுக்காரரு. வேலைய விட்டுட்டு வந்து நின்னாரு. தகுதியில்லன்னு நானே எழுதி வெளிய அனுப்புனேன். அப்பறம் எடுத்த பையன் தகுதியான பையனா இருந்தான், பொண்ணக் குடுத்தேன். வேலை முன்ன, பொண்ணு பின்ன. மாத்திச் சொல்லக் கூடாதுல்ல?"

"அந்த மனசு யாருக்கு வரும்" என்றார் ஒருவர்.

என் கணவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பரிமாறிக்கொண்டிருந்த வாளியைக் கீழே வைத்தேன்.

"வேலைய விடச் சொன்னது யாருண்ணே? வீடு தேடி வந்து சொன்னது யாரு?"

அண்ணன் கோபப்படவில்லை. சிரித்தார்.

"நாந்தாம்மா சொன்னேன். சொன்னா விட்டுறதா? எவன் சொன்னாலும் நம்பி, கையில இருக்கறதக் கோட்ட விடுற ஆளுகிட்ட அம்புட்டுச் சொத்தையும் எப்படிம்மா ஒப்படைக்கிறது?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். என் கணவரும் சேர்ந்து சிரித்தார். அவர் சிரித்ததைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர், திருநகர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், "ஒங்கண்ணன் கேட்டது சரிதான?" என்றார். அவர் என்னிடம் பதிலை எதிர்பார்த்துக் கேட்டமாதிரி இல்லை.

அந்த இளைஞன் வேலையை நன்றாகச் செய்தான். ஊழியர் குடியிருப்பு ஒழுங்காக இருந்தது, வேலி சரியாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். ஏதாவது கெட்டுப்போகும், அண்ணன் தலைகுனிவார் என்று நான் காத்திருந்ததெல்லாம் வீண். அண்ணன் வீட்டு வாசலை நான் அதன்பின் மிதிக்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. மருமகனே ஜீப்பில் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"அத்தை, மாமா உங்களப் பாக்கணும்னு சொல்றாரு. ரெண்டு பேரையும்."

"காபி குடிச்சிட்டுப் போங்க மாப்ள" என்றேன். அவன் காபியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றான். அன்றைக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவனுக்கு என்னென்ன தெரியும் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு அவனோடு ஜீப்பில் ஏறிவிட்டார்.

பொழுது சாய்ந்து திரும்பி வந்தார்.

"என்ன சொன்னாரு?"

"மாப்ளன்னு கையப் புடிச்சுக்கிட்டாரு. வாய் ஒரு பக்கம் கோணிக்கிச்சு. அழுதாரு."

"மன்னிப்புக் கேட்டாரா?"

"இல்ல. மில்லு எப்படிப் போகுதுன்னு கேட்டாரு. அவருக்கு ஒண்ணும் நெனப்பு இல்ல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

கால் கழுவப் போனவர் அங்கிருந்தே சொன்னார்.

"நல்லாப் போகுது மச்சான்னேன்."