கமலாசனியின் கிணற்றுத் தண்ணீர்

விசுவமடுவில் கமலாசனியின் வளவுக்குள் கால் வைத்தவர் எவரும் தண்ணீர் குடிக்காமல் திரும்பியது கிடையாது. தாகமில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவளுடைய முகம் கறுத்துவிடும். செம்பை நீட்டிவிட்டு, குடிக்கிறவரின் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். "எப்பிடி?" என்பாள். "தேன்தான்" என்று சொல்லாமல் அந்த வாசல் படலையைத் தாண்ட முடியாது. தேநீர், பாக்கு வெற்றிலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சும்மா வந்த பெருமை இல்லை அது. அவள் புங்குடுதீவுக்காரி. தீவில் பிறந்தவளுக்குத் தண்ணீர் என்றால் என்னவென்று மற்ற ஊர்க்காரருக்கு எங்கே விளங்கப்போகிறது! வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க ஏலாது, அவ்வளவு உவர். குடிக்கிற தண்ணீருக்குக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வெயிலில் நெடுந்தூரம் போய், காத்து நின்று, கிணற்றுக்காரியிடம் நாலு பேச்சும் வாங்கிக்கொண்டு வரவேண்டும். அந்தப் பேச்சு அவளுக்குக் கடைசிவரை மறக்கவில்லை.

கலியாணம் முடித்து, குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து விசுவமடுவுக்கு வந்த புதிதில், அவளும் புருசன் அப்புத்துரையும் வளவின் மேட்டுப்பக்கத்தில் ஒரு கிணறு வெட்டினார்கள். அங்கேயும் உவர்தான் ஊறியது. கமலாசனி கிணற்று மண்ணிலேயே குந்தியிருந்து அழுதாள். பிறகு பள்ளத்துப் பக்கம் இரண்டாவது கிணற்றை வெட்டி, அப்புத்துரை இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்தபோது, அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டும் அழுதாள். "இந்தக் கிணத்தில ஆருக்கும் தண்ணி இல்லையெண்டு நான் சொல்லமாட்டன்" என்று அன்றைக்கே சொன்னாள். இருபது வருசத்துக்கு மேல் அந்தச் சொல் பிசகவில்லை.

தொண்ணூற்றாறில் சண்டையால் முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்த சனம் விசுவமடுவுக்கு வந்தபோது, படலையைத் திறந்துவிட்டவள் அவள்தான். மாமரங்களுக்குக் கீழே கொட்டில்கள் எழும்பின. கடலையும் வலையையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள். அவர்களில் தோமஸின் மனைவி மரியமலர்மேல் கமலாசனிக்குத் தனிப் பிரியம். மரியமலரின் கடைக்குட்டி நிதர்சனாவுக்கு மூன்று வயது. கமலாசனியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே திரியும்.

இவ்வளவு சனத்துக்கும் மலசலகூடம் வேண்டுமே. சீமெந்து ஒரு பைகூட வன்னிக்குள் வர ஆமிக்காரர் விடமாட்டார்கள். சரளைக் கல்லாய் இறுகிய கிறவல் நிலத்தைக் கிண்டக் கையில் பெலமுள்ளவர்களும் கொஞ்சப் பேர்தான். கமலாசனிதான் வழி சொன்னாள். "அங்க அந்த உவர்க் கிணறு சும்மாதானே கிடக்குது. அதுக்கு மேல பாலைமரக் குத்தியைப் போட்டு, சுத்திக் கிடுகால அடையுங்கோ." அப்புத்துரை மட்டும் தலையைச் சொறிந்தார். "இஞ்சேர், நல்ல கிணத்துக்கு ஒண்டும் செய்யாதோ?" "என்ன விசர்க்கதை கதைக்கிறியள்! அது உவர் ஊத்து, இது நல்ல ஊத்து. அது வேற தண்ணி, இது வேற தண்ணி." தீவில் வளர்ந்தவளுக்கு இதில் சந்தேகமே இல்லை. அங்கே ஒரு வேலிக்கு இந்தப் பக்கம் உவரும் அந்தப் பக்கம் நல்ல தண்ணீருமாய்க் கிணறுகள் இருந்ததை அவள் கண்ணால் கண்டிருக்கிறாள். தண்ணீருக்கு உப்பைத் தவிர வேறு கெடுதி இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. சனம் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டது.

மாரி மழை பிடித்துக்கொண்டது. கொட்டில்களில் ஒவ்வொரு பிள்ளையாகச் சத்தியும் வயிற்றோட்டமும் தொடங்கியது. நிதர்சனா கண் உள்ளே போய், நாக்கு வறண்டு, ஜீவனி உப்புத்தூளைக் கரைத்துக் கொடுத்தும் நிற்காமல், ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றுகிற நிலைக்கு வந்துவிட்டாள். சைக்கிளில் தோமஸ் பிள்ளையைக் கொண்டுபோன அன்றே, சுகாதாரப் பரிசோதகர் வீரபாகு மழைக்கோட்டோடு வந்து இறங்கினார். கமலாசனியின் கிணற்றுத் தண்ணீரை, மருந்துத் தாள் போட்ட சின்னப் போத்தலில் அடைத்துக்கொண்டு போனார். மறுநாள் வந்து காட்டியபோது போத்தல் கரியாய்க் கறுத்திருந்தது.

"அம்மா, தண்ணிக்குள்ள மலத்தின்ர கிருமி இருக்குது. இதை இனி ஆரும் குடிக்கக் கூடாது."

"என்ர தண்ணியோ?" கமலாசனிக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. ஒரு செம்பு அள்ளி அவர் முன்னாலேயே மடக்குமடக்கென்று குடித்தாள். "பாரும் தம்பி, தேன்! பழுதான தண்ணி இப்பிடி இருக்குமோ?"

"கிருமிக்கு உப்புமில்லை, புளிப்புமில்லை அம்மா" என்றார் வீரபாகு. கோபப்படுகிற ஆள் இல்லை அவர்.

அப்படியானால் கெடுத்தது யார்? கமலாசனிக்கு உடனே ஆள் கிடைத்துவிட்டது. மரியமலர் ஒருநாள் பிள்ளையின் அழுக்குத் துணியைக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்து அலசியதைக் கண்டிருந்தாள். விறுவிறென்று கொட்டிலடிக்குப் போனாள். "உன்ர ஊத்தைத் துணிதான் என்ர கிணத்தைக் கெடுத்தது. உன்ர பிள்ளைக்கும் நீதான் இந்த வயித்தோட்ட வருத்தம் குடுத்தனி. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள எல்லாரும் வேற இடம் பாருங்கோ!" மரியமலர் தலையைக் குனிந்தாள். செபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிட்டு வந்த கமலாசனி சோற்றைத் தள்ளி வைத்தாள். புங்குடுதீவுக் கிணற்றுக்காரியின் குரல் தன் வாயிலிருந்தே வந்ததை அவள் கேட்டுவிட்டாள். ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்க மனம் வரவில்லை.

வீரபாகு வளவு முழுவதும் நடந்தார். கல்லுக் கட்டிய கயிற்றை இரண்டு கிணற்றிலும் இறக்கி, தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தார். நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்தார். கிடுகு அடைப்புக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு ஒரு டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்த சாயத்தூளைக் கரைத்து உவர்க் கிணற்றுக்குள் ஊற்றினார்.

"மேல பாத்தா ரெண்டு கிணறு அம்மா. கோடையில தண்ணி ஆழத்தில கிடக்கும், ஒண்டோட ஒண்டு அவ்வளவு சேராது. மாரியில ஏறி வந்து கிறவலுக்குள்ளால பள்ளத்துக்கு இறங்கும். நான் சொல்லுறது பிழையெண்டா உங்கட கிணத்துக்குச் சாயம் வராது. வந்தா, பச்சையாத் தெரியும்."

"வராது. நீர் இருந்து பாரும்" என்றாள் கமலாசனி.

முதலில் ஒன்றும் வரவில்லை. அவளும் வாளிக்கு வாளி எட்டிப் பார்த்து, "கண்டியளோ!" என்று அப்புத்துரையிடம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். சனிக்கிழமை காலை மழை விட்டு வெயில் எறித்தது. வாளியை இழுத்துக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்தாள். தண்ணீர் இளம் பச்சையாய் மினுங்கியது.

வாளியை ஊற்றிவிட்டு வேறு அள்ளினாள். அதுவும் பச்சை. சுற்றிலும் பார்த்தாள். ஒரு சனமும் இல்லை. வீரபாகு பின்னேரம்தான் வருவார். கொட்டில்களில் சாமான் கட்டுகிற சத்தம் கேட்டது. நாளைக்குச் சனம் போய்விடும். பிறகு சாயம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? யார் அவளைக் கேட்கப்போகிறார்கள்? அந்த யோசனை வந்ததற்காகவே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஐயோ, அந்தப் பிள்ளைக்கு என் கையாலேயே அல்லவா அள்ளி அள்ளிக் கொடுத்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

வாளியைத் தூக்கிக்கொண்டு மாமரத்தடிக்குப் போனாள். மரியமலர் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். வாளியை அவள் முன்னால் வைத்தாள்.

"பிள்ளை, இதைப் பார். மலக்குழியில ஊத்தின சாயம் என்ர கிணத்துக்கு வந்திருக்குது. அந்தக் கிணத்தைக் காட்டினது நான்தான். உன்ர துணியில ஒண்டுமில்லை. பிழை முழுக்க என்னில."

மரியமலர் வாளிக்குள் குனிந்து பார்த்தாள். கமலாசனி ஏச்சுக்குத் தயாராகத்தான் நின்றாள். காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றாள்.

"அப்ப நான் இல்லையோ அக்கா?" என்றாள் மரியமலர். "பிள்ளைக்கு வருத்தம் குடுத்தது நான் இல்லையோ?" அதைச் சொன்னவள் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழத் தொடங்கினாள். தன் துணிதான் தன் பிள்ளையைச் சாகடிக்கப் போகிறது என்று அவள் அத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். கமலாசனி அந்தச் சேற்றிலேயே அவளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். சாமான்களை அப்புத்துரைதான் அவிழ்த்தார்.

அதற்குப் பிறகு வேலைதான். உவர்க் கிணற்றுக்குள் சுண்ணாம்பைக் கொட்டி, மண் போட்டு மூடினார்கள். கமலாசனியின் கிணற்றையும் தாண்டிப் பள்ளத்தில், வயற்கரைப் பக்கம், வீரபாகு அளந்து காட்டிய இடத்தில், தண்ணீர் மட்டத்துக்கு எட்டாத ஆழத்தில் புதுக் குழிகள் வெட்டினார்கள். தோமஸும் மற்ற ஆம்பிளையளும் கிண்ட, கமலாசனி மண் சுமந்தாள். "மாமரத்தடியை விட்டு ஒருத்தரும் எழும்பக் கூடாது" என்று அதட்டிக்கொண்டே சுமந்தாள். நல்ல கிணற்றை இறைத்து இறைத்து ஊற்றி, குளோரின் போட்டார்கள். போத்தல் கறுப்பது நிற்கும்வரை பக்கத்து வளவிலிருந்து அவளே குடத்தில் தண்ணீர் சுமந்து வந்து எல்லாருக்கும் கொதிக்க வைத்துக் கொடுத்தாள்.

நிதர்சனா தேறி வந்து சில நாளில், கிணறு சரியென்று வீரபாகு சொன்னார். கமலாசனி செம்பில் அள்ளி, முதலில் தான் குடித்தாள். குளோரின் மணம் மூக்கில் ஏறியது. முகத்தைச் சுளிக்காமல் பிள்ளையிடம் நீட்டினாள். பழக்கதோசத்தில், "எப்பிடி?" என்றும் கேட்டுவிட்டாள்.

பிள்ளை ஒரு வாய் குடித்து முகத்தைக் கோணியது. "கூடாமல் மணக்குது."

மரியமலர் பதறிப்போனாள். "தேனெண்டு சொல்லு பிள்ளை!"

"வேண்டாம்" என்றாள் கமலாசனி. "உள்ளதைச் சொல்லட்டும்."