மஞ்சள் பலகையருகே ஒரு மணிச் சத்தம்

அச்சகத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தபோது அருள் அண்ணனிடமிருந்து தொலைபேசி வந்தது. “அக்கா போயிட்டாம்மா,” என்றார். “எங்கண்ணே?” என்று கேட்டுவிட்டேன். மறுமுனையில் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. உடனே அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. முதுகுக்குப் பின்னால் தரை இல்லாமல் போனதுபோல் இருந்தது. ரிசீவரை வைக்காமலே திரும்பிப் பார்த்தேன். காகிதக் கட்டுகள் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு சைக்கிள் ஓட்டியவர்களுக்கு ஸ்டெல்லா அக்காவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் அருள் அண்ணன் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அக்கா அவருடைய மனைவி. தொண்ணூறுகளின் கடைசியில், யாரோ ஆசை காட்டியதில், அண்ணன் தடித்த டயர் போட்ட கியர் சைக்கிள்கள் சிலவற்றை வாங்கிப் போட்டார். கேரியர் கிடையாது, ஸ்டாண்டு கிடையாது. பார்க்க வந்த பால்காரர் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு, “இது டிராக்டருக்குப் பொறந்ததாண்ணே?” என்று கேட்டுவிட்டுப் போனார். வேறு யாரும் விலைகூடக் கேட்கவில்லை. கூரைக் கொக்கிகளில் தொங்கித் தூசி படிந்துகொண்டிருந்த அவற்றை ஒருநாள் அக்காதான் இறக்கித் துடைத்தார். “விக்காத சைக்கிளுக்கும் கால் வலிக்கும்ல, தொங்கித் தொங்கி,” என்றாராம்.

என் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டப் போனபோதுதான் அக்கா பழக்கமானார். கடை பெஞ்சில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்ததும் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டேன். அக்கா அதை எடுத்துக் கொடுத்து, “ஏ பிள்ள, இம்புட்டுப் பயந்த ஆளத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். ஞாயித்துக்கெழம வாரியா?” என்றார். கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் நிஜமாகவே கேட்டிருந்தார்.

அக்காவுக்குச் சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இருதய வால்வு ஒன்று கெட்டுப்போயிருந்தது. மேடு ஏறக் கூடாது, சமதரையில் மெதுவாக ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிறுமலையைத் தூரத்திலிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான். அவருக்கு வாய்த்த இடம் அய்யலூர்ப் பக்கம் இருந்தது. அகல ரயில் பாதை போட்டபோது வளைவு ஒன்றை நிமிர்த்திவிட்டு, பழைய மீட்டர் கேஜ் பாதையின் மண்மேட்டை அப்படியே விட்டுவிட்டார்கள். தண்டவாளம் போய்விட்டது. பாதி ஜல்லியையும் ஊர்க்காரர்கள் அள்ளிப் போய்விட்டார்கள். இரண்டு பக்கமும் சீமைக் கருவேல். நடுவில் மாட்டுவண்டி அகலத்துக்கு, ஏற்றமும் இறக்கமும் தெரியாத ஒரு பாதை. “ரயிலே மூச்சு வாங்காமப் போன வழி பிள்ள இது. நான் போக மாட்டனா?” என்பார் அக்கா.

கடைக்குச் சரக்கு ஏற்றி வரும் காதர் அண்ணன் தன் லோடு ஆட்டோவில் அந்தக் கியர் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு வருவார். அவரும் ஓட்டுவார். சில வாரங்களில் இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொள்வார்கள். முதல் நாளே வரிசையை அக்கா முடிவு செய்துவிட்டார். “பயப்படுற ஆளு முன்னாடி போகட்டும். பின்னாடி விட்டா எங்க நின்னுச்சுன்னே தெரியாது.” எல்லோருக்கும் கடைசியில் அக்கா வருவார். அவருடைய மூச்சுக்கு அதுதான் வசதி. முன்னால் போகும் எனக்கு எல்லாமே பயம். பாதையில் கிடக்கும் கயிறு, புதரில் கேட்கும் சரசரப்பு, எதிரே தனியாக வரும் ஆண்.

ஆட்டுக்கிடை போட்டிருந்த இடத்தில் ஒருமுறை ஆட்டுக்காரரின் நாய்கள் இரண்டு பாய்ந்து வந்தன. நான் பெடலை வேகமாக மிதித்தேன். “எறங்கு! எறங்கி சைக்கிளக் குறுக்க நிப்பாட்டு! ஓடுற காலத்தான் அதுக்குப் பிடிக்கும்!” என்று பின்னாலிருந்து அக்கா கத்தினார். இறங்கினேன். நாய்கள் சைக்கிளுக்கு அந்தப் பக்கம் நின்று குரைத்துவிட்டுப் போய்விட்டன. ஆட்டுக்காரர் நிதானமாக வந்து, “கடிக்காதும்மா,” என்றார். “அது உங்களுக்குத் தெரியும். அதுக்குத் தெரியுமா?” என்று காதர் அண்ணன் கேட்டார். அக்கா சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்து நின்றார். நாயைவிட அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

பாதையில் ஓர் ஓடைப் பாலம் இருந்தது. கல் தூண்கள்மேல் இரும்பு உத்திரங்கள். அவற்றின்மேல் ஆடு மேய்ப்பவர்கள் பனஞ்சட்டங்களைப் போட்டு வழி செய்திருந்தார்கள். பாலத்துக்குச் சற்று முன்னால், ரயில் ஓட்டுநர் ஊதல் ஊத வேண்டிய இடத்தைக் காட்டும் பழைய மஞ்சள் பலகை நின்றது. ரயில் நின்றுபோன பிறகும் அக்கா அந்த வழக்கத்தை விடவில்லை. பலகையைத் தாண்டும்போது கடைசியில் வரும் அவர் மணி அடிப்பார். அதைக் கேட்டதும் நான் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாலத்தைக் கடப்பேன். காதர் அண்ணன் சட்டங்கள்மேல் ஓட்டிக்கொண்டே என்னைத் தாண்டிப் போவார். “என்னம்மா, பாலத்துக்கு மால போட்டுக் கும்பிட்டுத்தான் வருவியா?” என்று கேட்பார்.

அது ஒரு மார்கழிக் காலை. கருவேல மரங்களே தெரியாத அளவுக்குப் பனி. “நீங்க போயிட்டு வாங்க, எனக்குக் கண்ணே தெறக்கல,” என்று காதர் அண்ணன் ஆட்டோவிலேயே படுத்துவிட்டார். அன்று வேறு யாரும் வரவில்லை. நானும் அக்காவும் கிளம்பினோம். பனியில் முன் சக்கரம் மட்டும்தான் தெரிந்தது. பலகை வந்ததும் அக்கா மணி அடிப்பார், இறங்கலாம் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். பலகையை நான் தனியாகத் தேடவில்லை. என் காது முழுவதும் பின்னால் இருந்தது. மணி வரவில்லை. இன்னும் கொஞ்ச தூரம். அப்போதும் வரவில்லை. அக்கா எங்கேயோ விழுந்துவிட்டார் என்று தோன்றியது. ஜல்லியில் முகம் குப்புற அவர் கிடப்பதுபோல் கண்ணுக்குத் தெரிந்தது. பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து நின்றேன். “அக்கா!” என்று கத்தினேன்.

பனிக்குள்ளிருந்து சாவகாசமாக வந்து சேர்ந்தார். “ஏன் நின்னுட்ட?”

“நீங்க மணி அடிக்கலயேக்கா.”

“பலக இன்னும் வரலயே பிள்ள.”

இரண்டு பேரும் முன்னால் பார்த்தோம். என் சக்கரத்திலிருந்து ஓர் ஆள் நீளத்துக்கு அப்பால் மண்மேடு முடிந்திருந்தது. பாலம் இல்லை. அந்த வாரத்தில் எப்போதோ பழைய இரும்பு எடுக்கிறவர்கள் வந்து உத்திரங்களைக் கழற்றிப் போயிருக்கிறார்கள். கூடவே பலகையையும் பிடுங்கிவிட்டார்கள். கீழே ஓடைப் பாறைகள் பனியில் மங்கலாகத் தெரிந்தன. அங்கங்கே பனஞ்சட்டங்கள் சிதறிக் கிடந்தன.

அக்கா சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஜல்லியில் உட்கார்ந்தார். உதடு வெளுத்துப்போயிருந்தது. நானும் உட்கார்ந்தேன். என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“நான் செத்துட்டேன்னு நெனச்சுத்தான நின்ன?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“நல்லதாப் போச்சு. நெனச்சுக்கிட்டே இரு.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்தச் சிரிப்பு நடுவில் உடைந்து அழுகையாகிவிட்டது. அக்கா அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அடுத்த ஞாயிறு, கடையில் கிடந்த தகரம் ஒன்றில் மஞ்சள் பெயின்ட் அடித்து எடுத்து வந்தார். ஓடைக்கு வெகு முன்னாலேயே ஒரு கருவேல மரத்தில் காதர் அண்ணன் அதை ஆணி வைத்து அறைந்தார். “இனிமே இது நம்ம பலக. எவனும் பழைய இரும்புக்குக் கேக்க மாட்டான்,” என்றார் அக்கா. அங்கிருந்து இறங்கி ஓடை மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் அந்தப் பக்கம் ஏறுவோம். ஏறும்போது அக்காவின் சைக்கிளைக் காதர் அண்ணன் தள்ளுவார். அதன் பிறகு அவர் என்னைப் பார்த்து மாலை என்ற பேச்சை எடுக்கவே இல்லை.

பிறகு வந்த வருஷங்களில் எனக்கும் அந்த மணிக்கும் இடையே இருந்த தூரம் கூடிக்கொண்டே போனது. நான் பலகையைத் தாண்டி நின்றிருப்பேன், மணி வராது. நொடிகளை எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணுவேன். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், “வேணாம்க்கா, வீட்லயே இருங்க. எனக்குப் பயமா இருக்கு,” என்று கெஞ்சினேன். “நீ பயப்படு, அது ஒன் வேல. ஓட்டுறது என் வேல,” என்றார். கடைசியாக வந்த அன்று பலகைவரைக்கும் வந்தார். தகரத்தில் கையை ஊன்றி நின்று, “இன்னைக்கு இம்புட்டுதான். நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கன இருக்கேன்,” என்றார். நானும் காதர் அண்ணனும் போகவில்லை. மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்து, அவர் கொண்டு வந்திருந்த இட்லியைத் தின்றுவிட்டுத் திரும்பினோம்.

அடக்கம் முடிந்த பிறகு வந்த ஞாயிறு, நான் தனியாகப் பாதைக்குப் போனேன். தகரத்தில் பெயின்ட் உரிந்திருக்கிறது, ஆனால் இருக்கிறது. அங்கே இறங்கிப் பின்னால் காது வைத்து நின்றேன். எங்கோ ஆடு கத்தியது. அகலப் பாதையில் ஒரு ரயில் போய் ஓய்ந்தது. ஓடைக்குள் இறங்க எனக்குத் தைரியம் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

அக்காவின் சைக்கிளிலிருந்து மணியைக் கழற்றி என்னிடம் தர அருள் அண்ணன் முன்வந்தார். வேண்டாம், அது சைக்கிளிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். என்னிடம் அக்கா விட்டுப்போனது என் பயம்தான். அதை விடச் சொல்லி எல்லோரும் புத்தி சொன்னார்கள். அக்கா மட்டும் அதற்கு ஒரு வேலை கொடுத்து, வரிசையில் முதல் இடமும் கொடுத்தார். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

இதைப் படிக்கும் நம் ஞாயிற்றுக்கிழமைக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அக்காவின் சைக்கிளைக் கடை வாசலில் நிறுத்தியிருக்கிறார் அண்ணன். இரண்டு டயரிலும் காற்று இருக்கிறது. ஞாயிறு காலை நான் முன்னால் போகிறேன். உங்களில் யாராவது அதில் ஏறிக் கடைசியாக வாருங்கள். பலகை வந்ததும் மணி அடியுங்கள். கேட்கும்வரை நான் நிற்பேன்.