யாரும் திறக்காத ஃபோல்டர்

என் விண்ணப்பத்தை அப்பா நான்கு முறை திருத்தினார். பள்ளிக்கூடத்தில் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற அதே சிவப்புப் பேனா. "இங்குட்டு ஒரு கமா வேணும் தாயி" என்பார். கமா போட்டுக் கொண்டுவந்தால், அடுத்த வாக்கியம் நீளம் என்பார். ஐந்தாவது முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, "இதுல எவனும் குத்தம் சொல்ல முடியாது" என்றார். பூனாவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி, இரண்டு வருஷம் வேலையோடு சேர்ந்த பயிற்சி. காரைக்குடியில் ஆங்கில வாத்தியார் ஒருவரே திருத்திக் கொடுத்த கடிதம் என்பதால் வேலை கிடைத்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் ஒரு ஈமெயில் கடையில் வேலை பார்த்தேன். எஸ்.டி.டி. பூத்தாக இருந்த கடையில் ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கிப் போட்டு, போர்டை மட்டும் மாற்றியிருந்தார் கடைக்கார அண்ணன். என் அப்பாவிடம் படித்த பழைய மாணவர் அவர். ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு ஈமெயில் முகவரி, கடையின் முகவரி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகள் அதற்குத்தான் எழுதுவார்கள். நான் பிரிண்ட் எடுத்து, மடித்து, பின் அடித்து, மேலே பெயர் எழுதி வைப்பேன். அண்ணன் மொபெட்டில் குன்றக்குடி, நாட்டரசன்கோட்டை என்று போய்க் கொடுத்துவிட்டு வருவார். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக் கூடாது என்பது கடையின் சட்டம். பிரிண்டரில் இருந்து எடுக்கும்போதே தாளைக் கவிழ்த்துதான் எடுப்பேன். அந்த நேர்மையை நினைத்தால் இப்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

அண்ணனுக்கு அந்த மெயில் புரோகிராமோடு ஒரு சண்டை உண்டு. இடது பக்கத்தில் அதுவாகவே வைத்திருந்த ஃபோல்டர்களின் ஆங்கிலப் பெயர்கள் அவருக்குப் பிடிபடவில்லை. வந்த கடிதத்தை, அனுப்பிய கடிதங்கள் இருக்கிற ஃபோல்டரில் தேடுவார். "நமக்குப் புரியற மாதிரி பேரை மாத்திரு தங்கச்சி" என்றார். நானும் முயற்சி செய்தேன். நாமாக உண்டாக்கிய ஃபோல்டர் என்றால் பெயர் மாற்ற விட்டது. அதனுடைய சொந்த ஃபோல்டர்களைத் தொட விடவில்லை. மெனுவில் பெயர் மாற்றுகிற வரி மங்கிப்போய்க் கிடந்தது.

எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. புரோகிராமை மூடிவிட்டு, கம்ப்யூட்டருக்குள் அது கடிதங்களைச் சேமித்து வைக்கிற இடத்தைத் தேடிப் பிடித்து, இன்பாக்ஸ் என்கிற ஃபைலுக்கு ஆங்கில எழுத்திலேயே 'வந்தது' என்று பெயர் வைத்தேன். திரும்பத் திறந்தால் 'வந்தது' இருந்தது, பழைய கடிதங்கள் எல்லாம் அதற்குள் பத்திரமாக இருந்தன. ஆனால் அதற்கு மேலே புத்தம் புதிதாக இன்னொரு இன்பாக்ஸ், காலியாக. புதுக் கடிதங்கள் அதில்தான் வந்து விழுந்தன. அதற்கு வேண்டியதை நாம் எடுத்துவிட்டால் அதுவே இன்னொன்றைச் செய்துகொள்ளும் என்று அன்றைக்குத் தெரிந்தது. அண்ணன், "என்னைய மாதிரி ஒருத்தன் உள்ள ஒக்காந்திருக்கான் போல" என்றார்.

கடைசியில் வேறு வழி செய்தேன். ஊருக்கு ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, இந்த முகவரியில் இருந்து வந்தால் இந்த ஃபோல்டருக்குப் போ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை எழுதினேன். அப்படிக் கட்டளை எழுதுவதை அண்ணனுக்கும் கற்றுக்கொடுத்தேன். ஒரு வாரம் பிடித்தது. கற்றுக்கொண்ட பிறகு கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டார். ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் இரண்டு பேருமே தொடவில்லை. டெம்ப்ளேட்ஸ் என்று பெயர். அது எதற்கு என்று எங்களுக்குத் தெரியாது. அதில் எதுவும் வந்து விழுந்ததும் இல்லை.

விண்ணப்பத்தை ஜூன் மாதம் அனுப்பினேன். பக்கத்தில் நின்று நான் பட்டனை அமுக்கும்வரை பார்த்துவிட்டுத்தான் அப்பா சைக்கிளை எடுத்தார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நான் வீட்டில் நுழைந்து செருப்பைக் கழற்றும்போது கேட்பார்.

"பூனாவுல இருந்து ஏதும் வந்துச்சா தாயி?"

"வரலைப்பா."

"வரும், வரும். நம்ம லெட்டரைப் படிச்சவன் சும்மா இருக்க மாட்டான்."

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று மாதங்கள் போயின. ஒரு நாள்கூட அவர் கேட்க மறக்கவில்லை. காய்ச்சலில் படுத்திருந்த அன்றைக்கும் போர்வைக்குள் இருந்து கேட்டார். என்னைவிட அவருக்குத்தான் ஏக்கம் என்று நினைத்தேன். பதில் வராததில் எனக்கு வருத்தம் ஒரு பங்கு என்றால், அவரிடம் தினமும் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்ததில் இரண்டு பங்கு. அவருக்காகவாவது வரட்டும் என்று மாதா கோயிலில் மெழுகுவத்திகூட ஏற்றினேன்.

ஆயுத பூஜை வந்தது. நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள் என்றாலும் கடையில் பூஜை வேலை முழுக்க என் தலையில்தான். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன், மானிட்டரைத் துடைத்தேன். வெளியே சுத்தம் செய்தது போதாதென்று உள்ளேயும் செய்தேன். போன வருஷக் குப்பையை அழித்தேன். சும்மா கிடந்த அந்த டெம்ப்ளேட்ஸ் கண்ணை உறுத்தியது. பழையபடி வெளியில் இருந்து போய் அந்த ஃபைலுக்கு 'சும்மா' என்று பெயர் மாற்றிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தேன். அண்ணனுக்கு வேடிக்கையாக இருக்கும் என்றுதான் செய்தேன். அவர் மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டார். பூஜை போட்ட பிறகு மறுநாள்வரை மெஷினைத் தொடக் கூடாது.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து என்னையே ஆரம்பிக்கச் சொன்னார். புரோகிராமைத் திறந்தேன். டெம்ப்ளேட்ஸ் மறுபடி முளைத்திருந்தது, காலியாக. கீழே என் 'சும்மா'. பெயர் சரியாக மாறியிருக்கிறதா பார்க்க அதைத் தட்டினேன். காலியாக இருக்கும் என்றுதான் தட்டினேன். உள்ளே இரண்டு கடிதங்கள் இருந்தன.

இரண்டும் பூனாவில் இருந்து வந்தவை. இரண்டும் எனக்கு.

முதலாவது ஜூலையில் வந்தது. விண்ணப்பம் தெளிவாக எழுதப்பட்டிருந்தது என்று பாராட்டி, நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டாவது ஆகஸ்டில் வந்தது. ஏன் வரவில்லை, இன்னொரு நாள் தருகிறோம், பதில் போடவும் என்றிருந்தது. கட்டளைகளின் பட்டியலைத் திறந்தேன். கடைசி வரியில் இருந்தது: அந்தக் கம்பெனி முகவரியில் இருந்து வந்தால் டெம்ப்ளேட்ஸுக்குப் போ. நான் கற்றுக்கொடுத்த மாதிரியே, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருந்தது.

அண்ணன் ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். நான் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார்.

"உங்க அப்பாதேன் சொன்னாக."

எனக்குப் புரியவில்லை. "என்ன சொன்னாக?"

"நீ மெயில் அனுப்புன மறுநாள் காலைல வந்தாக. பூனாவுல இருந்து பதில் வந்தா புள்ளைக்குத் தெரிய வேணாம், நீயே வச்சுக்கன்னாக. என் கையப் பிடிச்சுக்கிட்டாக தங்கச்சி. அவுககிட்டப் படிச்சவன் நான். எப்படி மாட்டேன்னு சொல்றது?"

"அப்ப ஏன் அழிக்காம வச்சிருந்தீக?"

"ஒருத்தருக்கு வந்த லெட்டரை அழிக்க மனசு வரலை" என்றார். அதில்கூட அவருக்கு ஒரு சட்டம் இருந்தது.

அண்ணன் மேல் வந்த கோபம் அரை மணி நேரத்தில் அடங்கிவிட்டது. அவர் வாத்தியார் சொன்னதைக் கேட்ட மாணவர், அவ்வளவுதான். ஆனால் அப்பாவின் அந்த நான்கு திருத்தங்களை என்ன செய்வது? அனுப்பும்வரை பக்கத்தில் நின்றதை என்ன செய்வது? 'போகாதே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்திருப்பேன், கடைசியில் போகாமலும் இருந்திருப்பேன். அம்மா இல்லாத வீட்டில் அவரைத் தனியே விட்டுப் போக எனக்கு மட்டும் மனசு வந்திருக்குமா? அதை நானே முடிவு செய்ய விடவில்லை அவர். பிள்ளையைப் படிக்க வைத்த அப்பா என்கிற பெயரும் அவருக்கு வேண்டும், பிள்ளை வீட்டிலும் இருக்க வேண்டும். அதற்காக மூன்று மாதம் தினமும் என் முகத்தைப் பார்த்து, "வந்துச்சா தாயி" என்று கேட்டிருக்கிறார். என்னை அவ்வளவு கேவலமாக வேறு யாரும் ஏமாற்றியதில்லை.

அன்றைக்கே அந்தக் கட்டளையை அழித்துவிட்டு, கம்பெனிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். யாரும் திருத்தாத கடிதம் அது. நான்காம் நாள் பதில் இன்பாக்ஸிலேயே வந்தது. இரண்டு முறை எழுதியும் பதில் இல்லாததால் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். பூனாவை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

விஜயதசமி அன்றைக்கே அண்ணனிடம் ஒன்று மட்டும் கேட்டிருந்தேன். "எங்க அப்பாகிட்ட நீங்க எதையும் சொல்லக் கூடாது. மூணு மாசம் எனக்குச் சொல்லாம இருந்தீகல்ல, இனிமே அவுகளுக்குச் சொல்லாம இருங்க." அவர் தலையாட்டினார்.

அன்று சாயங்காலம் வீட்டில் செருப்பைக் கழற்றினேன்.

"பூனாவுல இருந்து ஏதும் வந்துச்சா தாயி?"

"வரலைப்பா" என்றேன். இந்த முறை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நிம்மதி வந்து போனது. தினமும் வந்திருக்க வேண்டும். நான்தான் குனிந்து செருப்பைப் பார்த்தே பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவரை நான் விடவில்லை. அக்டோபர் முழுக்க, நவம்பர் முழுக்கக் கேட்க வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் உடனே உள்ளே போகாமல் வாசல்படியிலேயே நிற்பேன், அவர் கேட்கும்வரை. கேட்பார். வரலை என்பேன். வரும் என்பார். முதலில் இருந்த வேகம் குறைந்து, கடைசி நாட்களில் வாய் மட்டும்தான் கேட்டது. அவர் சங்கடப்படுவது தெரிந்தது, எனக்கு அது வேண்டியிருந்தது. நான் நல்ல மகளாக இருக்கவில்லை என்று தெரியும். ஆனால் அந்த நாட்களில் வேறு எதுவும் என்னிடம் இல்லை.

டிசம்பரில் ஒரு நாள். வாசலில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் கட்டியாகியிருந்தது. அப்பா அரையாண்டுப் பரீட்சைப் பேப்பர்களைத் திருத்திக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கை கால் கழுவிட்டுச் சாப்பிடு தாயி. இட்லி இருக்கு" என்றார்.

நான் நகரவில்லை.

"என்னப்பா, இன்னைக்குக் கேக்கலையே?"

"எதை?"

"பூனாவுல இருந்து ஏதும் வந்துச்சான்னு."

சிவப்புப் பேனா பேப்பர் மேல் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரம் அவர் என்னைப் பார்த்து எனக்கு நினைவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் தலையைக் குனிந்து, முன்னால் இருந்த பேப்பருக்கு மார்க் போடாமலே அடுத்ததை எடுத்தார்.