மூடியில் ஒட்டியிருந்த புரதம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். திண்டுக்கல்லில் நான் பாடம் நடத்தும் கல்லூரியில் இது எல்லோருக்கும் தெரியும். நாற்பது வயதுக்கு மேல் முனைவர் பட்டத்துக்குப் பதிந்த பிறகு அது இன்னும் கூடிப்போனது.

நம் செல்களின் மேற்பரப்பில் ஏற்பிப் புரதங்கள் இருக்கின்றன. பல மருந்துகள் முதலில் வந்து பிடித்துக்கொள்வது அவற்றைத்தான். சிறுமலையில் வீக்கத்துக்குப் பற்றுப் போடும் ஒரு இலையின் சாறு, அப்படியொரு ஏற்பியைப் பிடிக்கிறதா என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. அந்தப் புரதத்தை உடம்பிலிருந்து எடுப்பதில்லை. அதற்குரிய மரபணுவை வேறு செல்களுக்குள் செலுத்தி, அவற்றைக் கொண்டே செய்ய வைத்து, உலர்த்தி, சுண்டுவிரல் அளவுக் குப்பியில் கம்பெனிக்காரர்கள் அனுப்புவார்கள். எனக்குக் கிடைத்தது ஒரே குப்பி. இன்னொன்று வாங்கித் தர முடியாது என்று கல்லூரியில் முன்பே சொல்லிவிட்டார்கள். அது போனால் ஆறு வருட உழைப்பு அந்தரத்தில் நிற்கும்.

குப்பி வந்த அன்று கை பரபரத்தது. திறந்தேன், மூடியை மேசையில் வைத்தேன், கரைசலை விட்டு ஒரு சொட்டு எடுத்து அளந்தேன். புரதம் இல்லை. மறுபடி அளந்தேன். இல்லவே இல்லை. வெறுங்குப்பியை அனுப்பி ஏமாற்றிவிட்டார்கள் என்று ஆத்திரம் தலைக்கேறியது. ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் பெண் பக்கத்தில் நின்றார். கன்னிவாடியிலிருந்து பஸ்ஸில் வருபவர், என்னைவிட இளையவர்.

"இந்தக் கருமத்தையெல்லாம் குப்பையில போடும்மா" என்று கத்திவிட்டு வெளியே போனேன்.

புகார் எழுதக் குப்பியின் எண் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் கூட வந்த தாளைப் பிரித்தேன். முதல் வரியே, தூள் மூடியில் ஒட்டியிருக்கலாம், திறக்கும் முன் குப்பியை இயந்திரத்தில் சுழற்றவும் என்றது. படித்துவிட்டுச் செய்யுங்கள் என்று பிள்ளைகளை நாள் தவறாமல் ஏசுகிறவள் நான்.

ஆய்வகத்துக்கு ஓடினேன். குப்பைக்கூடை காலி. மேசைக்கு அடியில் குனிந்து தேடினேன்.

"என்ன மேடம் தேடுறீங்க?"

"அந்தக் குப்பியோட மூடி. போட்டுட்டியா?"

அவர் ஃப்ரிட்ஜைத் திறந்து, பின்னாலிருந்து ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்தார். கரைசலோடு குப்பி நிமிர்ந்து நின்றது, வேறொரு மூடி போட்டு. அதன் சொந்த மூடி ஒரு சுத்தமான கவருக்குள் தனியாக இருந்தது. அதையே மாட்டி, ஒட்டிய தூள் கரைசலில் கரையும்படி மெல்லக் கவிழ்த்து, சுழற்றி, அளந்தேன். புரதம் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"போடத்தானே சொன்னேன்?"

"நீங்க போடச் சொல்ற எதையும் நான் அன்னிக்கே போட மாட்டேன் மேடம். ரெண்டு நாளு வச்சுப் பாப்பேன். கோவத்துல சொல்லுவீங்க, பெறகு நீங்கதான் தேடுவீங்க."

"எம்புட்டு நாளா இப்படி?"

"நீங்க இங்க வந்ததுலருந்து."

கிழித்தெறிந்த வரைபடம், கசக்கிப் போட்ட கணக்குத்தாள் என்று எத்தனையோ மறுநாள் என் மேசையில் கிடந்திருக்கின்றன. குப்பைக்கே போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து எடுத்துக்கொள்வேன். ஒரு நாள்கூட யாரையும் கேட்டதில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லா இரும்மா. இந்த உதவிய நான் மறக்க மாட்டேன்."

"சரி மேடம், பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்" என்று பையை எடுத்தவர், வாசலில் திரும்பிப் பார்த்தார்.

"டப்பாவ ஃப்ரிட்ஜுலயே வச்சுருங்க. நாளைக்கும் தேவைப்படும்."